பிறர் உடுத்திய துணி நமக்கு ஆகுமா?



தோட்டத்துக் குடும்பத்தில் ஆண்டுக்கு மூன்று முறையாவது துணிக் கணக்கு வந்து நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு முறை. தீபாவளிக்கு ஒரு முறை. வேலைக்குப் போடும் சட்டை செம்பனை முள்ளில் மாட்டிக் கிழிந்து, அல்லது ரப்பர்ப் பால்கறை ஏறி விறைத்துப் போய், இனித் தைக்க இடமில்லை என்று ஆகும்போது மற்றொரு முறை. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இந்தக் கணக்கு சிறிய கணக்கல்ல.

அந்தக் காலத்தில் லயத்துக்குத் துணி மூட்டை கொண்டு வரும் வியாபாரி நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு போவார். சம்பள நாளில் வாசலில் வந்து நிற்பார். இன்று அவருடைய இடத்தில் தவணைக் கடையும், கைத்தொலைபேசி வழியாகக் கிடைக்கும் கடனும் வந்து நிற்கின்றன. ஆள் மாறினாலும் கடன் மாறவில்லை. தீபாவளிக்கு எடுத்த துணி பொங்கலுக்குள் சாயம் போய்விடும். கடன் மட்டும் சித்திரை வரை சாயம் போகாமல் இருக்கும்.

இந்தச் சுமையைக் குறைக்க ஒரு வழி பட்டணத்தில் இருக்கிறது. அதுதான் பழைய துணிக் கடை. மலேசியாவில் இதைப் ‘பண்டல் கடை’ என்பார்கள். அங்கே போகலாமா, அங்கே வாங்கிய துணி பிள்ளைகளுக்கு ஆகுமா, வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில், அந்தத் துணி எங்கிருந்து வருகிறது? ஜப்பான், கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் மக்கள் வேண்டாம் என்று கொடுத்துவிடும் துணிகளை ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். தரம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பிறகு இயந்திரத்தில் வைத்து அழுத்தி, நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள மூட்டைகளாகக் கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். மூட்டைக்கு ஆங்கிலத்தில் பண்டல் என்று பெயர். அதுவே கடைக்கும் பெயராக நின்றுவிட்டது. ஜப்பானியர் கழித்துவிடும் துணியில் மிகப் பெரிய பங்கு மலேசியாவுக்குத்தான் வருகிறது. இங்கே மறுபடியும் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி நம் கடைகளுக்கும் ஒரு பகுதி வேறு நாடுகளுக்கும் போகிறது. உடுத்த முடியாத அளவுக்கு நைந்தது பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணியாகிறது.

கோலாலம்பூரில் சௌக்கிட் வட்டாரத்தில் இத்தகைய கடைகளைக் காணலாம். சிறிய பட்டணங்களின் இரவுச் சந்தைகளிலும் பழைய துணியைக் குவித்து வைத்து விற்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் புக்ஆஃப் என்னும் ஜப்பானிய நிறுவனம், தன் நாட்டில் விலை போகாத பழைய பொருள்களை ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ என்ற பெயரில் பெரிய கடைகள் வைத்து மலேசியாவில் விற்று வருகிறது. சிங்கப்பூரில் இரட்சணிய சேனையினர் நன்கொடையாக வரும் துணிகளை விற்று, அந்தப் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுகிறார்கள். அந்நாட்டில் சுங்கை ரோட்டில் பல ஆண்டுகள் நடந்துவந்த பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. அங்கே வாங்கிப் பழகிய பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லி வருந்துவதுண்டு.

இனி, நம் மனத்திலுள்ள தயக்கத்துக்கு வருவோம். “யார் உடுத்தியதோ, செத்தவர் துணியோ என்னவோ” என்று நம் தாய்மார்கள் சொல்வதுண்டு. இது கேலி செய்ய வேண்டிய எண்ணமல்ல. இறந்தவர் துணியை ஆற்றோடு விடும் வழக்கமுடையவர்கள் நாம். ஆனால் மூட்டையில் வரும் துணி பெரும்பாலும் எப்படிக் கழிந்தது என்று எண்ணிப் பாருங்கள். குளிர்நாட்டில் ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கொரு உடை. பிள்ளை வளர்ந்துவிட்டால் சட்டை சிறுத்துப் போகிறது. புதிய மோஸ்தர் வந்தால் போன ஆண்டு உடை பிடிக்காமல் போகிறது. வீடு சிறியது, அலமாரி நிறைந்துவிட்டது. துணி நைந்து போகும் முன்பே அதன் மேல் ஆசை நைந்து போய்விடுகிறது. கழித்துக் கட்டப்படும் துணியில் பெரும்பகுதி இத்தகையதே.

பிறர் உடுத்தியதை உடுத்துவது நமக்குப் புதிதுமல்ல. அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்காள் பாவாடை தங்கைக்கு என்றுதான் லயத்துப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பாட்டியின் பழைய சேலையில்தான் பேரப்பிள்ளைக்கு ஏணை கட்டினோம். பிறந்த குழந்தையைக் கோடித் துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெதுவான பழைய துணியில் கிடத்துவதும் நம் பெரியவர்கள் கண்ட வழக்கமே. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பழமொழி சொல்கிறது. கசக்காமல் கட்டுவதில்தான் குறை இருக்கிறது, கந்தையில் குறையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிலிப்பைன்ஸ் நாடு பழைய துணியை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வதை 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. மக்களின் உடல்நலமும் நாட்டின் மானமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இந்தோனேசியா 2015ஆம் ஆண்டில் தனி விதி கொண்டுவந்து தடை செய்தது. அங்கே உள்ளூர் நெசவும் தையலும் கெட்டுப்போகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. தையலை நம்பி வாழும் ஒருவர் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவருடைய கவலை நமக்குப் புரியும். ஆகவே பழைய துணி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அறிந்து வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

பட்டணம் புறப்படுமுன் கணக்குப் போடுங்கள். ஒரு சட்டை 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து உருப்படி 80 வெள்ளி. கணவனும் மனைவியும் போய்வர பஸ் கட்டணம் 24 வெள்ளி. மொத்தம் 104 வெள்ளி. ஆக ஒரு சட்டையின் உண்மையான விலை 10 வெள்ளி 40 காசு. வீட்டுக்கு வந்த பிறகு அவற்றில் இரண்டு கிழிசல் என்று தெரிந்தால், மிச்சமுள்ள எட்டும் ஒவ்வொன்று 13 வெள்ளி ஆகிவிடுகிறது. மூன்றே சட்டை வாங்கத் திரும்பத் திரும்பப் பட்டணம் போனாலோ, ஒவ்வொன்றும் 16 வெள்ளி ஆகிறது. மலிவு என்று நாம் நினைத்தது பஸ்ஸிலேயே கரைந்து போகும். ஆகவே அடிக்கடி போகாதீர்கள். வீட்டில் யாருக்கு என்ன குறை என்று தாளில் எழுதிக்கொண்டு, வேறு வேலையும் பட்டணத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். தாளில் இல்லாததை, மலிவாகக் கிடைக்கிறதே என்று கைநீட்டாதீர்கள். தேவையில்லாத சட்டை இரண்டு வெள்ளியானாலும் இரண்டு வெள்ளி நட்டந்தான்.

தாளோடு ஒரு நூல்கயிற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தோளகலம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கால் நீளம் இவற்றை அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் அளவுச்சீட்டை நம்ப முடியாது. அமெரிக்கச் சட்டையில் நடுத்தர அளவு என்று போட்டிருப்பது ஜப்பானியச் சட்டையின் பெரிய அளவுக்கு ஈடாக இருக்கலாம். பலமுறை துவைத்துச் சுருங்கியும் இருக்கும். சீட்டு பொய் சொன்னாலும் கயிறு பொய் சொல்லாது.

கடைக்குள் போனதும் குவியலைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரிந்துவிடும். பிறகு உழைக்கும் இடங்களைப் பாருங்கள். சட்டையானால் கழுத்துப்பட்டை, அக்குள், முழங்கை. காற்சட்டையானால் தொடை சேரும் இடம், முட்டி, அடிமடிப்பு. தையலின் இரு பக்கமும் துணியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விரிந்து கொடுத்தால் வைத்துவிடுங்கள். பித்தான் போயிருந்தால் பரவாயில்லை, வீட்டில் தைத்துக்கொள்ளலாம். ஜிப்பு கெட்டிருந்தால் அதை மாற்றும் கூலி சட்டை விலையைத் தாண்டிவிடும். அக்குளில் மஞ்சள் கறை ஏறியிருந்தால் அது எளிதில் போகாது. அடிமடிப்பிலும் பக்கத் தையலிலும் உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அப்படி விட்டிருந்தால் பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம்; ஒரு காற்சட்டை இரண்டு ஆண்டு உழைக்கும்.

பிறகு தையலோரம், பையின் உட்புறம், காலர் மடிப்பு ஆகியவற்றை உற்றுப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்கலாம். அந்தத் துணி எவ்வளவு அழகானாலும் வேண்டாம்.

நூலின் வகையையும் கவனிக்க வேண்டும். நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் பருத்தியே ஏற்றது. கடையில் சீட்டில்லாத துணியானால் கையால் கசக்கிப் பாருங்கள். பருத்தி மடிப்பு விழும், நைலான் வகை பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும். வீட்டில் தெரிந்துகொள்ள வேறு வழி உண்டு. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி நூல் தாளைப்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் நூல் உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல் நிற்கும். இது வெறும் வேடிக்கையல்ல. அடுப்பங்கரையிலோ மத்தாப்புக் கொளுத்தும்போதோ தீப்பற்றினால், உருகும் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். அடுப்படியில் நிற்கும் தாயும், தீபாவளி இரவில் வாசலில் நிற்கும் பிள்ளையும் பருத்தி உடுப்பது நல்லது.

சிலவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். உள்ளாடை, காலுறை, தலையணை, மெத்தை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கழுத்தருகே இழுத்துக் கட்டும் கயிறு வைத்த பிள்ளைச் சட்டைகளையும் தவிருங்கள். அக்கயிறு எங்காவது மாட்டிக்கொண்டால் மூச்சுத் திணறும். வாங்கியே ஆக வேண்டுமானால் வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தக் கயிற்றை உருவி எறியுங்கள்.

துணி வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கலாமா? கூடாது. மூட்டையை வீட்டுக்குள் கட்டிலின் மேல் பிரிக்கவும் கூடாது. வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொறியை உண்டாக்கும் நுண்பூச்சி மனிதத் தோலை விட்டுப் பிரிந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. தலைப்பேனும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. உடற்பேன் ஒரு வாரம் வரை தாங்கும். ஆகவே வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் வைத்திருந்தாலே இவை பெரும்பாலும் செத்துப்போகும். மூட்டைப்பூச்சி அப்படியல்ல, இரத்தம் குடிக்காமலே பல மாதம் இருக்கும். அதைக் கொல்ல வெப்பம் வேண்டும். துணி தாங்குமானால், கை பொறுக்காத அளவு கொதிக்கும் நீரை அண்டாவில் ஊற்றி அதில் அரைமணி நேரம் ஊறவைத்து, பின்பு சோப்புப் போட்டுத் துவையுங்கள். படர்தாமரை போன்ற தோல் நோய்களுக்கும் இதுவே காப்பு. சாயம் போகும் துணியைத் தனியாகப் போடுங்கள். நல்ல வெயிலில் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போட்டு, தையலோரங்களை அழுத்தித் தேய்த்து எடுங்கள். கொதிநீர் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பிள்ளைகளை அண்டாவின் அருகே விடாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார்களும் பாட்டிமார்களும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பழைய துணியில் சில வேளை அந்துருண்டை வாடை அடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டியில் போடும் வெள்ளை உருண்டை அது. அவற்றில் பல நாப்தலீன் என்னும் பொருளால் செய்யப்பட்டவை. பெரும்பாலோர்க்கு அந்த வாடை தலைவலியோடு போய்விடும். ஆனால் சில குழந்தைகள் ஜி6பிடி என்னும் ஒரு பொருள் இரத்தத்தில் குறைவாகப் பிறக்கிறார்கள். ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. இக்குறையுள்ள குழந்தை நாப்தலீன் ஏறிய துணியில் கிடந்தால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். மஞ்சள் காமாலை கடுமையாகும். அது முற்றினால் மூளையைத் தாக்கும். உயிருக்கும் ஆபத்து வரலாம்.

மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இக்குறை உண்டா என்று சோதிக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது அதன் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறை உண்டோ இல்லையோ, பச்சைக் குழந்தைக்குப் பண்டல் கடைத் துணி வேண்டாம். நம் பெட்டியிலேயே அந்துருண்டை போட்டு வைத்த பாட்டியின் சேலையும் வேண்டாம். உருண்டை படாத, நன்கு துவைத்து வெயிலில் காய்ந்த வீட்டுத் துணியே போதும். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டு காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு வேலைக்குப் போடும் உடுப்பாகப் பழைய துணி மிகவும் ஏற்றது. செம்பனைக் காட்டில் முழுக்கைச் சட்டையும் தடித்த காற்சட்டையும் முள்ளுக்கும் கொசுவுக்கும் தடையாக இருக்கும். புதிதாக வாங்கி ஒரே வாரத்தில் கறையாக்குவதைவிட இது மேல். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். களைக்கொல்லி தெளிப்பவர்களுக்கு வெறும் பருத்திச் சட்டை காப்பாகாது. அது மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும். கையுறை, காலணி, மேலங்கி முதலியவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. “அதுதான் பழைய சட்டை வைத்திருக்கிறாயே” என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்கவும் கூடாது. தனி வாளி, தனித் துவையல் வேண்டும்.

பள்ளிச் சீருடையை இயன்றவரை புதிதாக வாங்குங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் சட்டை மட்டும் வேறு வெள்ளையாக இருந்தால் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள். கேலிக்கு அஞ்சிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று பிள்ளை அடம் பிடிக்கும். நான்கு வெள்ளி மிச்சத்துக்காகப் படிப்பை இழக்க முடியுமா? 2023ஆம் ஆண்டில் பெற்றோரின் வருமானம் பாராமல் மாணவர்களுக்குப் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி வழங்கப்பட்டது. இத்தகைய உதவிப் பணம் வரும்போது அதை முதலில் சீருடைக்கும் காலணிக்கும் ஒதுக்குங்கள்.

தீபாவளிக்கும் ஆளுக்கொரு புதுத்துணி இருக்கட்டும். மஞ்சள் தடவிச் சாமி முன் வைத்து எடுத்துடுத்தும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளுக்கு ஒன்று போதும். கையிலுள்ள பணத்தில் வாங்கியதாக இருக்கட்டும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆயிற்று. அந்தப் பணத்தில்தான் அரிசியும் பாலும் பஸ்ஸும் மருந்தும். வீட்டில் உடுத்தவும் விளையாடவும் வேலைக்குப் போகவும் தேவையான துணியைப் பண்டல் கடையில் வாங்கினால், அந்த ஒரு புதுத்துணியைக் கடனில்லாமல் வாங்கப் பணம் மிஞ்சும். இதுவே பழைய துணியால் நமக்குள்ள உண்மையான ஆதாயம்.

நைந்த பிறகும் துணியை எறிந்துவிடாதீர்கள். நல்ல பகுதியை வெட்டிச் சிறு பிள்ளைக்குக் காற்சட்டை தைக்கலாம். வீட்டில் தையல் பழகும் பெண்ணுக்குப் புதுத்துணியை வெட்டிக் கெடுக்கும் அச்சமில்லாமல் பழகப் பழைய துணியைப்போல் நல்ல பாடப் பொருள் வேறில்லை. பிரித்துப் பார்த்தாலே சட்டை எத்தனை துண்டுகளால் ஆனது என்று அவளுக்கு விளங்கிவிடும்.

இறுதியாக ஒரு சொல். பிள்ளைகள் காதுபட, “இல்லாத கொடுமைக்கு இதைப் போடுகிறோம்” என்று சொல்லாதீர்கள். பெற்றோர் வெட்கப்பட்டால் பிள்ளையும் வெட்கப்படும். “பார்த்துப் பொறுக்கி வாங்கினோம், நன்றாக உழைக்கும்” என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்கூட. துவைத்து, வெயிலில் காய்ந்து, பித்தான் தைத்து, தேய்த்து உடுத்திய சட்டை யாருடையதாக இருந்தால் என்ன? அதை இன்று உழைப்பால் வாங்கி உடுத்தியிருப்பவர் யாரோ, அவருடையதே அது.